வீட்டுக்காரர் அயர்லாந்து, நான் சென்னை: லீவுக்கு எங்க போனா விசா தலைவலி கம்மி?

எங்க அம்மாவுக்கு இன்னி வரைக்கும் புரியாத ஒரு விஷயம் இருக்கு. "கட்டிக்கிட்டவன் ஊருக்கு போறதுக்கு எதுக்குடி பெர்மிஷன், நான் உங்கப்பாவ கட்டிக்கிட்டு திண்டிவனம் வந்தப்ப யார கேட்டேன்"னு கேப்பாங்க. சித்தப்பா அதுக்கும் மேல, ஏதாவது கல்யாணத்துல பாத்தா "உனக்கென்னம்மா, வெள்ளைக்கார பாஸ்போர்ட், நினைச்சா ஃபிளைட் ஏறிடுவ"ன்னு பத்து பேருக்கு கேக்குற மாதிரி சொல்லுவாரு. பாஸ்போர்ட் அவருக்கு, எனக்கு இல்ல சித்தப்பான்னு சொன்னா நம்பவே மாட்டாரு. அயர்லாந்துல ஒரு காலத்துல அப்படி ஒரு வசதி இருந்துச்சுதான், ஐரிஷ்காரர கட்டிக்கிட்டவங்க ஒரு டிக்ளரேஷன் குடுத்தே குடியுரிமை வாங்கலாம், அது 2005 நவம்பரோட முடிஞ்சு போச்சு. இப்ப அங்க போயி வருஷக்கணக்குல வாழ்ந்தாத்தான் அப்ளை பண்ணவே முடியும், அப்படியே குடுத்தாலும் இந்தியா ரெட்டை குடியுரிமைய ஒத்துக்காது, நம்ம நீல பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணணும். அதுக்கு நான் ரெடியா இல்ல.

எங்க கதை இதுதான். கல்யாணம் ஆகி நாலு வருஷம், ரெண்டு பேரும் சென்னைலதான் இருக்கோம். அவர் வீடு டண்டாக் பக்கம், டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் நடுவுல, யுகே பார்டர் ஒட்டி. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து லாங் ஃபிளைட் முடியாது, அதனால அவங்க இங்க வர்றது நடக்காது, நாமதான் போயி பாக்கணும். எங்க வச்சு பாக்குறதுன்னு ரெண்டு வாரமா வீட்ல பேச்சு. நேரா அயர்லாந்து போறதா, இல்ல அவங்கள ஸ்பெயினுக்கு வரச்சொல்லி நாங்களும் அங்க போறதா, நாத்தனார் பெல்ஃபாஸ்ட்ல இருக்கா அவ வீட்ல தங்குறதா, இல்ல இந்த வருஷம் யாரையும் பாக்காம மலேசியா போயிட்டு வந்துடறதா. டிக்கெட் விலைய விட்டுட்டு என் விசாவ மட்டும் வச்சு பாத்தா கணக்கே தலைகீழா வருது, அதான் எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல அயர்லாந்து. அவர் சொந்த நாடு, அதனால ஈஸின்னுதான் நானும் நினைச்சேன். ஒரே விசால சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள் கூட்டம் இருக்கே, ஷெங்கன்னு, அயர்லாந்து அதுல கிடையாது, தனி விசா. அவாட்ஸ்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம், அத நிரப்பி பிரிண்ட் எடுத்து பேப்பரோட குடுக்கணும், கிளம்புற தேதிக்கு மூணு மாசத்துக்குள்ளதான் போட முடியும். 90 நாள் வரைக்கும்னா 'சி' விசா. ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபீஸ்ல லீவு லெட்டர், இதுக்கு முன்னாடி எந்த நாடாவது ரிஜெக்ட் பண்ணிருந்தா அதோட விவரம், எங்க தங்க போறேன்னு ப்ரூஃப், அப்புறம் மாமியார் கைப்பட ஒரு இன்விடேஷன் லெட்டர். பெத்த பையனோட பெண்டாட்டிய வீட்டுக்கு கூப்பிட மாமியார் லெட்டர் எழுதணும், அதுல அவங்க பாஸ்போர்ட் காப்பிய பின் பண்ணணும். போன தடவை எழுதும்போது அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு.

ஆனா உண்மையான கஷ்டம் பேப்பர் இல்ல, வேற. மத்த டூரிஸ்ட் மாதிரியே நானும் திரும்பி வந்துடுவேன்னு நிரூபிக்கணும், ஆனா புருஷன் அந்த ஊர்க்காரர்ங்கறதே அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு சந்தேகத்த கிளப்பும், இவ போனா அங்கயே தங்கிடுவாளோன்னு. அதனால கல்யாணத்த காட்டணும், அதே சமயம் எங்க வாழ்க்கை சென்னைலதான்னும் காட்டணும். வாடகை அக்ரிமென்ட்ல ரெண்டு பேர் பேரும் இருக்கறது, அவரோட இந்தியா விசா காப்பி, இங்க அவர் வேலை செய்யற கம்பெனி லெட்டர் இதெல்லாம் சேத்து வச்சா அந்த சந்தேகம் அடிபடும். என்னோட ஒரு ஃப்ரெண்ட் இந்த ரெண்டாவது பாதிய விட்டுட்டு வெறும் கல்யாண ஆல்பத்த அனுப்பி வாங்கி கட்டிக்கிட்டா (வேற நாடு, ஆனா அதே மாதிரி கேஸ்). ரிஜெக்ட் ஆனா அயர்லாந்துல ரெண்டு மாசத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம், அதுக்கு காசு இல்ல, ஆனா லீவு போயிடுமே.

இப்ப ஸ்பெயின். இங்கதான் எல்லாம் மாறுது. ஐரோப்பிய யூனியன்ல 2004ல ஒரு சட்டம் போட்டாங்க, 2004/38ன்னு நம்பர். யூனியன் நாட்டு குடிமகன் ஒருத்தர் தன் சொந்த நாட்ட விட்டு வேற யூனியன் நாட்டுக்கு போனா, அவர் கூட போற பெண்டாட்டி இல்ல புருஷன், அவங்க எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் கூட போற உரிமை உண்டு, விசா வேணும்னா ஃப்ரீயா குடுக்கணும், சீக்கிரமா குடுக்கணும். இதுல 'வேற நாட்டுக்கு'ங்கற வார்த்தைதான் எல்லாமே. அதனால ஐரிஷ்காரர் பெண்டாட்டிக்கு ஸ்பெயின்ல உரிமை இருக்கு, ஃபிரான்ஸ்ல இருக்கு, கிரீஸ்ல இருக்கு, அயர்லாந்துல மட்டும் அந்த சட்டத்துல இல்ல! ஜெர்மன்காரர கட்டிக்கிட்டவங்களுக்கு அதே மாதிரி ஜெர்மனில இந்த சட்டம் பேசாது, அங்க அந்த நாட்டு சொந்த சட்டம் என்ன சொல்லுதோ அதுதான். எங்களுக்கு லக் என்னன்னா அயர்லாந்து யூனியன்ல இருக்கு ஆனா ஷெங்கன்ல இல்ல, அதனால ஷெங்கன் நாடுகள் மொத்தமும் எங்களுக்கு 'வேற நாடு'தான், எங்க போனாலும் இந்த சலுகை செல்லும்.

இதுல ஒரு சுவாரசியம் சொல்லணும். சொந்த நாட்டுக்கு திரும்பும்போதும் இந்த உரிமைய கேக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, அதுக்கு பேரே சுரிந்தர் சிங் வழி. நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் பிரிட்டிஷ் பொண்ண கட்டிக்கிட்டு, ரெண்டு பேரும் ஜெர்மனில போயி வேலை செஞ்சு, திரும்ப இங்கிலாந்து வந்தப்ப வந்த பிரச்சனை ஐரோப்பிய கோர்ட் வரைக்கும் போயி 1992ல அவங்களுக்கு சாதகமா தீர்ப்பாச்சு. புருஷனோ பெண்டாட்டியோ யூனியன்ல இன்னொரு நாட்டுல நெஜமாவே குடியிருந்துட்டு குடும்பத்தோட திரும்பினா அப்பவும் அந்த உரிமை கூட வரும். எங்கள மாதிரி சென்னைல குடியிருக்கறவங்களுக்கு அது உதவாது, சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க.

சரி, காசு கணக்கு. சாதாரண ஷெங்கன் விசா 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ, ஒம்பதாயிரம் ரூபாய்க்கு மேல. எனக்கு பூஜ்யம். மத்தவங்களுக்கு 30,000 யூரோவுக்கு டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம், எனக்கு கட்டாயம் இல்ல (நான் எடுக்கத்தான் போறேன், ஆஸ்பத்திரி பில்லு கல்யாண சர்டிபிகேட்ட பாத்து குறையாது). ஃபார்ம்ல சில கேள்விக்கு பக்கத்துல நட்சத்திர குறி போட்டிருக்கும், என்ன வேலை, எங்க தங்குற, செலவுக்கு காசு யாரு, அதெல்லாம் நாம நிரப்ப வேண்டியதில்ல. சட்டப்படி காட்ட வேண்டியது, அவர் யூனியன் குடிமகன்னு அவர் பாஸ்போர்ட், நாங்க கல்யாணம் ஆனவங்கன்னு சர்டிபிகேட், நான் அவர் கூட போறேன் இல்ல அங்க அவர் கூட சேரப்போறேன்னு டிக்கெட் மாதிரி ஏதாவது. அவ்ளோதான். மறுக்கறதுன்னா நாட்டு பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம், இல்ல கல்யாணமே டூப்புன்னு சொன்னாத்தான் மறுக்கலாம், அதையும் காரணம் எழுதித்தான் குடுக்கணும். பேங்க்ல பேலன்ஸ் கம்மின்னு சொல்ல முடியாது.

சட்டம் அப்படி, கவுன்ட்டர் வேற. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு ஐரோப்பிய நாட்டுக்கு இதே மாதிரி அப்ளை பண்ண சென்னைல ஒரு விசா சென்டர் போனேன், எந்த நாடு எந்த சென்டர்னு வேண்டாம். கவுன்ட்டர்ல ஒரு சின்ன பையன், மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு செக்லிஸ்ட் வச்சு டிக் அடிச்சிட்டே வந்தான், "மேம் ஐடி ரிட்டர்ன் இல்ல, ஹோட்டல் புக்கிங் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல"ன்னு. நான் குடும்ப உறுப்பினர் கேட்டகிரிப்பான்னு சொன்னா "ஸ்பௌஸ் விசாவா, அது லாங் டெர்ம் மேம், வேற நாள் வரணும்"ங்கறான். அதில்லப்பா, டூர்தான், ஆனா இந்த ரூல்னு அந்த கான்சுலேட் வெப்சைட் பக்கத்தையே பிரிண்ட் எடுத்துட்டு போயிருந்தேன், மஞ்சள் ஹைலைட்டர் போட்டு. அத எடுத்துட்டு உள்ள போனவன் இருவது நிமிஷம் கழிச்சு ஒரு மேடத்தோட வந்தான், அவங்க படிச்சு பாத்துட்டு "ஃபீ இல்ல, சர்வீஸ் சார்ஜ் மட்டும் கட்டுங்க"ன்னாங்க. உண்மைய சொன்னா அந்த சர்வீஸ் சார்ஜும் நாம கட்டணும்னு இல்ல, நேரா கான்சுலேட்டுலயே ஃப்ரீயா குடுக்கற வாய்ப்ப நமக்கு தரணும், ஆனா கான்சுலேட் மும்பையிலயோ டெல்லியிலயோ இருந்தா அந்த ரெண்டாயிரத்த மிச்சம் பிடிக்க யாரு ஃபிளைட் ஏறுவா, கட்டிட்டு வந்தேன். விசா பத்தாவது நாள் வந்துச்சு.

ஒரு விஷயம் மட்டும் நல்லா மண்டைல ஏத்திக்கணும், இது அவர் கூட போகத்தான். நான் மட்டும் தனியா ஃப்ரெண்ட்ஸோட பார்சிலோனா போறேன்னா சாதாரண விசாதான், முழு பேப்பர், முழு காசு. அவர் முன்னாடி போயி அங்க காத்திருந்து நான் பின்னாடி போனா பரவால்ல, அவர் சென்னைல உக்காந்துட்டு நான் போறதுதான் கூடாது. இறங்கின இடத்துலயும் இதுக்கு ஒரு பலன் உண்டு, அவர் கூட இருந்தா யூனியன் பாஸ்போர்ட் லைன்லயே நானும் நிக்கலாம். போன தடவை நான் பழக்க தோஷத்துல நீளமான லைனுக்கு போயிட்டேன், இவர்தான் கைய பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. பின்னாடி நின்னவங்க என் நீல பாஸ்போர்ட்ட பாத்துட்டு ஏதோ லைன்ல பூந்துட்டா மாதிரி பாத்தாங்க.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இதுல தனியா ஒரு வில்லங்கம் இருக்கு, இனிஷியல். என் பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா விரிஞ்சு இருக்கு, கல்யாண சர்டிபிகேட்ல வெறும் இனிஷியல், ஆதார்ல இனிஷியல் பின்னாடி. மூணும் ஒரே ஆள்னு நமக்கு தெரியும், மாட்ரிட்ல உக்காந்திருக்கறவருக்கு எப்படி தெரியும். இவரே கல்யாணத்துக்கு அப்ளிகேஷன் போடும்போது "நீ மொத்தம் எத்தனை பேரு"ன்னு கேட்டாரு. சிறப்பு திருமண சட்டத்துல ரிஜிஸ்டர் பண்றவங்க, அந்த 30 நாள் நோட்டீஸ் குடுக்கற அன்னிக்கே பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி முழு பேர எழுத சொல்லிடுங்க, அப்புறம் திருத்தறதுக்கு சார் பதிவாளர் ஆஃபீஸுக்கு அலையறத விட அது நூறு மடங்கு மேல். நான் பண்ணல, அதனால இந்த மூணு பேரும் ஒரே ஆளோடதுதான்னு ஒரு அஃபிடவிட்ட எல்லா இடத்துக்கும் தூக்கிட்டு திரியறேன். அப்புறம் சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுலயும் செல்லும்னு அரசு குடுக்கற அத்தாட்சி, அதுக்குன்னு நாடுகளுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு) வாங்கி வச்சுக்கோங்க. இந்தியா 2005ல இருந்து அந்த ஒப்பந்தத்துல இருக்கு, மாநில அரசு கையெழுத்து, அப்புறம் வெளியுறவுத்துறை ஸ்டிக்கர். இந்தியால நடந்த கல்யாணத்த அயர்லாந்துல தனியா ரிஜிஸ்டர் பண்ற வழி கிடையாது, அதனால எங்க போனாலும் இந்த ஒரு சர்டிபிகேட்தான் எங்களுக்கு ஆதாரம். சில நாடு அவங்க மொழில மொழிபெயர்ப்பும் கேக்கும்.

அம்மாவையும் கூட்டிட்டு போலாமான்னு நடுவுல ஒரு ஆசை வந்துச்சு. இந்த சட்டத்துல பெண்டாட்டியோட பெத்தவங்களும் வருவாங்க, ஆனா நம்மள நம்பி வாழறவங்களா இருக்கணும், மாசா மாசம் நாம பணம் அனுப்பறதுக்கு ப்ரூஃப் வேணும். எங்கம்மா ரிட்டயர்டு டீச்சர், அவங்க பென்ஷன்ல எனக்கே தீபாவளிக்கு புடவை வருது. அந்த கதை அங்கயே முடிஞ்சுது.

பெல்ஃபாஸ்ட் ஆப்ஷன். அது அயர்லாந்து தீவுல இருந்தாலும் யுகே. யுகேக்கு போறதுக்கு இவருக்கு ஒண்ணுமே வேண்டாம், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல பழைய காலத்துல இருந்தே பொது பயண ஏற்பாடு இருக்கு, மத்த ஐரோப்பாக்காரங்க இப்ப எடுக்கற அந்த ஆன்லைன் அனுமதி கூட ஐரிஷ்காரங்களுக்கு தேவையில்ல. அது அவர் கதை. எனக்கு சாதாரண விசிட்டர் விசா, 2025 ஏப்ரல்ல 127 பவுண்ட் ஆக்கினாங்க, அப்ளை பண்ற அன்னிக்கு எவ்ளோன்னு பாத்துக்கோங்க. முன்னாடி யூனியன் குடும்பத்துக்கு ஃப்ரீயா ஒரு பர்மிட் குடுத்துட்டு இருந்தாங்க, பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் 2021 நடுவுல அதுவும் போச்சு. இப்ப நான் ஐரிஷ்காரர் பெண்டாட்டியா இருந்தாலும் சரி, தனி ஆளா இருந்தாலும் சரி, அவங்களுக்கு ஒண்ணுதான்.

ஆனா இதுல ஒரு நல்ல விஷயம், இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் மட்டும் பிரிட்டிஷ் ஐரிஷ் விசா ஸ்கீம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நமக்கு 2015ல ஆரம்பிச்சது. விசால அந்த முத்திரை இருந்தா ஒரே விசால ரெண்டு பக்கமும் போலாம், விசா குடுத்த நாட்டுக்கு முதல்ல போயிட்டு அப்புறம் அடுத்த நாடு. எங்கள மாதிரி பார்டர் வீட்டு மருமகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஏன்னா டண்டாக்ல இருந்து யுகே பக்கம் இருக்கற நியூரி போனா இருவது கிலோமீட்டர், வழில செக்போஸ்ட் கிடையாது, போலீஸ் கிடையாது, ரோட்டு போர்டுல கிலோமீட்டர் மைலா மாறும், போன்ல "வெல்கம்"னு ஒரு மெசேஜ் வரும், அவ்ளோதான் பார்டர். மாமனார் பெட்ரோல் எந்த பக்கம் சீப்பா இருக்கோ அந்த பக்கம் ஓட்டிட்டு போவாரு. முதல் தடவை போனப்ப "சும்மா ஒரு ரவுண்டு வாம்மா"ன்னு கூப்பிட்டாரு, கார்ல ஏறி பெல்ட் போட்டதுக்கு அப்புறம்தான் என் விசால அந்த முத்திரை இருக்கான்னு யோசிச்சேன், இறங்கி உள்ள போயி பாத்தா இருந்துச்சு. இல்லாம போயிருந்தா யாரும் நிறுத்தலன்னாலும் அது சட்டத்த மீறி போனதுதான், நடுவுல பஸ்ல செக்கிங் வந்தா மாட்டுவோம், அடுத்த விசா அப்ளிகேஷன்ல அது பூதமா வந்து நிக்கும்.

அதனால பெல்ஃபாஸ்ட்டா டப்ளினான்னு கேட்டா, மாமியார பாக்கத்தான்னா ஐரிஷ் விசா போட்டு அந்த முத்திரையோட நாத்தனார் வீட்டுக்கும் போயிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம். லண்டனும் சுத்தணும், சென்னைல இருந்து நேரா ஹீத்ரோ ஃபிளைட்ல போயிட்டு வரணும்னா யுகே விசா.

மலேசியா பத்தி எழுத பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து 30 நாள் விசா இல்லாம விடறாங்க, 2026 கடைசி வரைக்கும்னு நீட்டிச்சிருக்காங்க. அவர் பாஸ்போர்ட்டுக்கும் வேண்டாம். ஆன்லைன்ல டிஜிட்டல் அரைவல் கார்டு மட்டும் ரெண்டு பேரும் தனித்தனியா போடணும். நாலு மணி நேரத்துல கோலாலம்பூர், பத்துமலை படி ஏறலாம், யாரும் கல்யாண சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க. மாமியாரத்தான் பாக்க முடியாது.

இதுல எல்லாரும் மறக்கற ஒண்ணு இருக்கு. எனக்கு வெளிய போகத்தான் விசா, அவருக்கு உள்ள வரத்தான் விசா. எங்க போறதுன்னு மண்டைய உடைச்சிட்டு அவரோட இந்தியா விசா தேதிய பாக்காம விட்டா திரும்பி வரும்போது நான் மட்டும் தனியா வரணும். இவர் இப்ப இருக்கறது எக்ஸ் விசா, இந்தியர கட்டிக்கிட்டவங்களுக்கு குடுக்கற என்ட்ரி விசா. மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டுக்காரங்கள பதிவு பண்ற ஆஃபீஸ்) ரிஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கான்னு பாருங்க, எக்ஸ்டென்ஷன் போட்டுட்டு பென்டிங்ல இருக்கும்போது டிக்கெட் போடாதீங்க. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆகி ரெண்டு வருஷம் தாண்டினா ஓசிஐக்கு (வெளிநாட்டு பாஸ்போர்ட்டோட இந்தியாவுக்கு விசா இல்லாம வந்து போக குடுக்கற கார்டு) அப்ளை பண்ணலாம், இந்தியாலயே போட்டா 15,000 ரூபா, ஆயுசுக்கும் வந்து போகலாம், எஃப்ஆர்ஆர்ஓ தொல்லை இல்ல. ஓட்டு போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, விவாகரத்து ஆனா கார்டும் போயிடும். அந்த கடைசி கண்டிஷன படிச்சிட்டு இவரு "அப்ப உங்கிட்ட மரியாதையா நடந்துக்கணும்"னாரு. நாலு வருஷம் ஆகியும் இன்னும் போடாம இருக்கறது சுத்த சோம்பேறித்தனம்தான், ஆனா விசாரணை எல்லாம் முடிய நாளாகும்ங்கறதால லீவுக்கு முன்னாடி இல்ல, வந்ததும் போடறோம்.

இந்த வருஷம் ஸ்பெயின்னு முடிவு பண்ணிட்டோம். டப்ளின்ல இருந்து மலாகாவுக்கு மாமியார் மாமனார் மூணு மணி நேரத்துல வந்துடுவாங்க, அயர்லாந்துல பாதி ஊரு வெயில் காய அங்கதான போகும், வீல்சேர் கேட்டா ஏர்போர்ட்லயே குடுப்பாங்க. நாங்க துபாய் வழியா மாட்ரிட், அங்கிருந்து ரயில். அவங்க ஊர்ல இல்ல, எங்க ஊர்லயும் இல்ல, நடுவுல ஒரு இடம், அங்கதான் எனக்கு உரிமை அதிகம். அடுத்த வருஷம் மாமியாருக்கு 80 வயசு, அது டண்டாக்லதான் கொண்டாடணும், அதுக்கு லெட்டர் எழுதற வேலைய இப்பவே ஆரம்பிக்க சொல்லிருக்கேன்.

அப்பாயின்ட்மென்ட் வர்ற வியாழக்கிழமை. சட்டப்படி மூணு பேப்பர் போதும். நேத்து ராத்திரி ஃபைல எண்ணி பாத்தேன், ஐடி ரிட்டர்ன்ல இருந்து வாடகை அக்ரிமென்ட் வரைக்கும் நாப்பத்தி ரெண்டு இருக்கு, மேல அந்த மஞ்சள் அடிச்ச பிரிண்ட்.